கறுப்பு வயர் பொடியில் முட்டக்கூடாது

அண்ணை ஜேர்மனியிலிருந்து அனுப்பிய கார் செற் எங்கள் வீட்டு மேசைக்கு வந்தபோது மாசிக்கருவாடு மணத்தது. அது செற்றின் பிழை இல்லை. பென்சன் அலுவலாகக் கொழும்புக்குப் போன, அடுத்த ஒழுங்கையில் குடியிருக்கிற மாமி ஒருவர் அண்ணையின் சிநேகிதரிடம் அதை வாங்கி, பழைய சேலையில் சுற்றி, கருவாட்டுச் சாக்கின் அடியில் புதைத்துக் கொண்டுவந்திருந்தார். வயர் நீட்டிக்கொண்டிருக்கும் எதைக் கண்டாலும் வழியில் பறித்துவிடுகிற காலம் அது. சாக்கைக் கடைசிவரை கிண்டிப் பார்க்கச் சோதனை மறிப்பில் நின்றவர்களின் மூக்கு இடம் கொடுக்கவில்லையாம். மாமி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கே கொக்குவில் பூனைகளுக்கெல்லாம் எங்கள் வளவுக்கு வழி தெரிந்துவிட்டது.

செற்றோடு, அதில் போட்டுக் கேட்க ஒரு கசெற்றும் வந்தது. கடையில் விற்கிற பாட்டுக் கசெற் இல்லை, அண்ணை தன் வாயால் கதைத்துப் பதிந்தது. மேலே நீலப் பேனையால் ‘வீட்டுக்கு’ என்று எழுதியிருந்தார்.

அண்ணை எண்பத்து நாலில் போனவர். எழுத்து அவருக்கு ஆகாது. எட்டு வருடத்தில் அவரிடமிருந்து வந்த கடிதங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ‘நான் நல்ல சுகம், உங்கள் சுகத்துக்கு இறைவனை வேண்டுகிறேன்’ என்பதோடு அவருக்கு விசயம் முடிந்துவிடும். மிச்சத் தாளில் கையெழுத்தைப் பெரிதாகப் போட்டு இடத்தை நிரப்புவார். அம்மா அந்தக் கடிதங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு, “இதிலை அவன்ரை குரல் இல்லையே” என்பார். எட்டு வருடமாக அம்மா அந்தக் குரலைக் கேட்கவில்லை. இப்போது அது ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வீட்டுக்குள்ளேயே இருந்தது, கேட்கத்தான் வழியில்லை.

சண்டையால் குடாநாட்டில் கரண்ட் போய் ஒன்றரை வருடத்துக்கு மேல். ரோர்ச்சுக்குப் போடுகிற பற்றறிக்கும் தடை. எங்கள் ரேப் றெக்கோடர் அதற்கும் முன்னரே போய்விட்டது. எண்பத்தேழில் சண்டைக்குப் பயந்து வீட்டைவிட்டு ஓடித் திரும்பி வந்தபோது அலுமாரிக்கு மேலே அது இருந்த இடத்தில் நாலு மூலைத் தூசி அடையாளம் மட்டும்தான் கிடந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பிசிக்ஸ் மாஸ்ரர் இருந்தார். ரியூசன் கொடுக்கிறவர், அண்ணைக்கும் படிப்பித்தவர். அவரிடம் ஒரு றெக்கோடர் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து அதை ஓடவைப்பார். கசெற் வந்த அன்றே அம்மா அதை மடியில் கட்டிக்கொண்டு அங்கே போனார். மாஸ்ரர் உற்சாகமாகச் சுற்றினார். உற்சாகம் கூடினால் கசெற் ஓடும், குறைந்தால் இழுபடும். அண்ணை வாய் திறப்பதற்கு முன்னமே ரேப் உள்ளே சிக்கிக்கொண்டது. அம்மா அதை இடியப்பம் எடுப்பதுபோல ஒவ்வொரு நூலாக வெளியில் எடுத்து, பென்சிலைக் கொடுத்துச் சுற்றி உள்ளே அனுப்பினார். அறுபடவில்லை.

“இனி ஒருதரும் இதிலை கை வைக்கப்படாது. அவன் இதுக்கெண்டு செற் அனுப்பினவன். அதைக் காரிலை பூட்டுங்கோ, அதிலை கேக்கிறன்” என்றார் அம்மா அப்பாவிடம். கசெற்றைப் பால்மா வந்த ஒரு தகர மாப்பேணிக்குள் வைத்து மூடினார். ஒரு நாளைக்கு நாலைந்து தரம் பேணியைத் திறந்து கசெற்றின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு மூடுவார். எங்களை ஒன்றும் கேட்கமாட்டார். அந்தப் பேணி மூடி திறக்கிற சத்தம் வீட்டில் எங்கே இருந்தாலும் கேட்கும்.

கார் வைத்திருந்தோம் என்றதும் எங்களைப் பெரிய இடம் என்று நினைக்கவேண்டாம். அப்பா உத்தியோகத்தில் இருந்த காலத்தில் மூன்றாம் கையாக வாங்கிய, இங்கிலாந்தில் செய்த கார், என்னைவிட வயது மூத்தது. பெற்றோல் இல்லாத அந்த வருடங்களில் அது மண்ணெண்ணெயில் ஓடியது. போனெற்றுக்குள் ஓர் இருமல் மருந்துப் போத்தலில் தொங்கும் பெற்றோலில் முதலில் இருமும், பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறிப் புகை கக்கும். பற்றறி சாகாமல் இருக்க, வாரத்தில் ஒருநாள் அப்பா அதை றெயில் பாதை வரை கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டுவருவார். றெயிலும் இல்லை, தண்டவாளமும் கழற்றப்பட்டுவிட்டது, ஆனாலும் அப்பா அந்த இடத்தில் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்ப்பார். வழக்கமாகக் காரைத் திருத்துகிற மெக்கானிக் கனடாவுக்குப் போய்விட்டார். காரைப் பற்றி அப்பாவுக்கு எல்லாம் தெரியும், போனெற்றுக்குக் கீழே இருப்பவற்றைத் தவிர. ஆனால் அதை அவரிடம் சொல்ல எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

செற் பூட்டுவதற்கு அப்பா பஞ்சாங்கம் பார்த்தார். புதன்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். கார் முன்னால் நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்து, ஒரு தட்டில் கற்பூரம் கொளுத்தி, அந்தத் தட்டைத் திறந்திருந்த போனெற்றுக்கு நேரே பிடித்தார்.

“இஞ்சாருங்கோ, அந்தப் பெற்றோல் போத்தல்!” என்று அம்மா தட்டைப் பறித்துக்கொண்டு பின்னால் ஓடினார். செற் பூட்டுகிற வேலை அன்று எங்கள் எல்லோரையும் கொளுத்திப்போடாமல் விட்டது அம்மாவின் அந்த ஓட்டத்தால்தான்.

டாஷ்போட்டுக்குக் கீழே இருட்டு. ரோர்ச் இல்லை. அதனால் என்னுடைய வேலை, முகம் பார்க்கிற கண்ணாடியோடு முற்றத்தில் குந்தியிருந்து வெயிலை உள்ளே அடிப்பது. எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முகில் வந்தால் அப்பா என்னைத்தான் பேசுவார்.

“உதென்ன, வெளிச்சம் எங்கை போட்டுது? கையை ஆட்டாமல் பிடி பிள்ளை!”

“சூரியனையும் நானே பிடிக்கோணுமே அப்பா?”

செற்றோடு வந்த விளக்கத்தாள் ஜேர்மன் பாசையில் இருந்தது. அப்பா அதை மரியாதையாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சிவப்பு வயர் கரண்டுக்கு, கறுப்பு வயர் காரின் பொடிக்கு, அதாவது உடம்புத் தகரத்துக்கு, இதற்கு விளக்கம் எதற்கு என்றார். சிவப்பைக் காரின் கரண்ட் வருகிற வயரில் முறுக்கினார். கறுப்பை டாஷ்போட்டுக்கு அடியில் ஒரு ஆணியில் இறுக்கினார். சரியாகப் பத்துப் பன்னிரண்டுக்குச் சுவிச்சைத் திருப்பினார். ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம். செற்றின் வயரில் தொங்கிய கண்ணாடிப் பியூஸ் கறுத்துப்போனது. பஞ்சாங்கம் ஒரு நிமிடமும் பிழைக்கவில்லை.

பெட்டிக்குள் இன்னும் இரண்டு பியூஸ் இருந்தது. அப்பா ஆணியை இன்னும் இறுக்கினார். இறுக்கம் போதாது என்பதுதான் அவருடைய முடிவு. இரண்டாவது பியூசும் ‘டிக்’. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“கதைக்குதோ?”

“இன்னும் இல்லை” என்றேன்.

அப்பாவுக்கு முகம் கொடுக்க முடியவில்லை. மத்தியானம் சாப்பிட்டபிறகு மாஸ்ரரைக் கூட்டிவரச் சொன்னார்.

மாஸ்ரர் காரைப் பார்க்கவே இல்லை. முதலில் ஒரு ஈர்க்கில் கேட்டார். முற்றத்து மணலைக் காலால் சமன் செய்து, பற்றறி, சுவிச்சு, செற், ஸ்பீக்கர் இரண்டு, எல்லாவற்றையும் கீறினார். அண்ணைக்கும் அவர் இப்படித்தான் படிப்பித்தவர். கரும்பலகையில் எழுதினதை விட மணலில் எழுதினது கூட. பாதியில் எங்கள் சேவல் குறுக்கே நடந்து எர்த்தை அழித்துவிட்டது. மாஸ்ரர் பொறுமையாகத் திரும்பக் கீறினார்.

“ஐயா, மின்னோட்டம் பொசிற்றிவ்விலை வெளிக்கிட்டு நெகற்றிவ்வுக்குப் போகும். கார் எண்டால் பொடிதான் நெகற்றிவ். இது உலகம் முழுக்கப் பொது.”

“அதைத்தானே நானும் குடுத்தனான்” என்றார் அப்பா.

“அப்ப உங்கடை கரண்ட் வாற வயரிலைதான் பிழை.” மாஸ்ரர் காரின் பின் விளக்குப் பல்ப்பைக் கழற்றிவரச் சொல்லி, அதில் இரண்டு துண்டு வயர் கட்டி, ஒன்றைக் கரண்ட் வயரிலும் மற்றதைப் பொடியிலும் தொட்டார். பல்ப் பளிச்சென்று எரிந்தது. மாஸ்ரரின் முகமும் எரிந்தது. பிறகு யோசித்தார். கரண்ட் சரி. பொடி சரி. அப்படியென்றால்?

இப்போது எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. பல்ப்புக்கு எந்தப் பக்கத்தால் கரண்ட் வந்தாலும் ஒன்றுதான், அது இளித்துக்கொண்டு எரியும். செற் அப்படியில்லை, அதற்குப் பக்கம் தெரியும். மூன்று பேர் நின்ற அந்த முற்றத்தில் ஒருவர் பிசிக்ஸ் மாஸ்ரர், ஒருத்தி கணக்கு ரீச்சர், ஒருவர் இருபது வருடக் கார்ச் சொந்தக்காரர். எங்கள் ஒருவருக்கும் அது ஓடவில்லை.

மிச்சமிருந்த ஒரே பியூசையும் மாஸ்ரர் தன் கையால் போட்டு, தன் கையால் சுவிச்சைத் திருப்பினார். உலகம் முழுக்கப் பொதுவான முறைப்படி அதுவும் போனது.

“செற்றிலைதான் பிழை ஐயா. வாற வழியிலை குலுங்கியிருக்கும். ஆரும் கம்பியாலை குத்தினாங்களோ தெரியாது” என்று ஈர்க்கிலை எறிந்தார் மாஸ்ரர்.

அம்மா விறாந்தையில் நின்று அதைக் கேட்டுவிட்டார். உள்ளே போனார். சற்று நேரத்தில் மாப்பேணி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். கண்ணாடியைக் கொண்டுபோய் அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, “இனி நீங்களே வெளிச்சம் பிடியுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

அப்பா அடுத்த நாள் விடியச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனார்மடம் சந்திக்குப் போனார். அங்கே ரேடியோ திருத்துகிறவர் ஒருவர் இருந்தார், முப்பது வயதிருக்கும், மெலிந்தவர், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் நூலால் கட்டியிருக்கும். கரண்ட் போனபிறகு ரேடியோத் தொழில் படுத்துவிட்டதால் அவர் குடை திருத்திக்கொண்டிருந்தார். செற் என்றதும் குடையைப் போட்டுவிட்டு அப்பாவுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டார்.

வந்தவர் முதலில் சொன்னது, “ஐயா, செற்றிலை கருவாடு மணக்குது.” அடுத்தது, “இந்தப் பூனையை முதலிலை இறக்குங்கோ.” அதற்குள் முன் சீற்றில் இரண்டு பூனை ஏறியிருந்தன.

பியூசுக்குப் பதிலாக மெல்லிய செப்புக் கம்பி இழை ஒன்றைப் போட்டார். அப்பா ஓர் ஆணி போட்டால் எரியாது என்று யோசனை சொன்னார்.

“ஐயா, அப்ப ஆணி எரியாது, கார் எரியும்” என்றார் அவர்.

அவரும் சிவப்பைக் கரண்டிலும் கறுப்பைப் பொடியிலும்தான் கொடுத்தார். அவருக்கு ரேடியோ தெரியும், கார் தெரியாது. இழை சிவந்து, சுருண்டு, அறுந்தது. நான் கோபம் ஆறி, கண்ணாடியோடு திரும்ப முற்றத்துக்கு வந்திருந்தேன். மாஸ்ரரும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர் படலையால் சுற்றி வந்து சேர்ந்தார். எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னோம். வேலிக்கு அங்கால் நின்ற மாமி, கருவாட்டுச் சாக்கோடு வந்த மாமிதான், கண்ணூறு என்றார். கண்ணூறு கழிய ஒரு தேசிக்காயை நூலில் கட்டி ஸ்ரேறிங்கில் தொங்கவிட்டோம். தேசிக்காய்க்குப் பிறகு இரண்டு இழை எரிந்தது.

ரேடியோக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. செற்றையும் ஸ்பீக்கரையும் கழற்றினார். காரின் பற்றறியையும் கழற்றி முற்றத்துக்குத் தூக்கிவந்து, உரலைக் கவிழ்த்து அதன்மேல் செற்றை வைத்தார். பற்றறி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டினார். பொசிற்றிவ் குறி தெரிந்த முனையில் சிவப்பு, நெகற்றிவ் குறி தெரிந்த முனையில் கறுப்பு. சுவிச்சைத் திருப்பினார்.

செற்றில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. ஸ்பீக்கர் ‘ஸ்ஸ்’ என்றது.

“செற் பிழையில்லை!” என்று கத்தினார் அவர். “கார்தான் பிழை!”

“என்ரை காரிலை ஒரு பிழையும் இல்லை” என்றார் அப்பா.

“உரலுக்கு மேலை வேலை செய்யுது, காருக்குள்ளை செய்யேல்லை. அப்ப ஐயா?”

“காரிலை பொடியும் கரண்டும் சரியெண்டு நேற்று நிறுவியாச்சு” என்று மாஸ்ரரும் புகுந்தார். சேவல் மிதித்த இடத்துக்கே திரும்ப ஈர்க்கிலோடு போனார். மூன்று ஆண்களும் போனெற்றுக்குள் தலையை விட்டு ஒருவரோடொருவர் தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தபோது அம்மா மாப்பேணியோடு வந்தார்.

“ஏனப்பா, இப்ப இது வேலை செய்யுதுதானே?”

“ஓம், செய்யுது.”

“அப்ப இதிலையே போட்டுக் கேப்பம்.”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகவே அவருக்கு மனம் நொந்துபோனது. “உரலிலை வைச்சுக் கேக்கவோ பிள்ளை கார் செற் அனுப்பினவன்? கொஞ்சம் பொறும், பூட்டிப்போட்டுக் கேப்பம்.”

“நான் எட்டு வரியமாப் பொறுத்தாச்சு” என்றார் அம்மா.

அம்மா குரலை உயர்த்தவில்லை. ஆனால் ரேடியோக்காரர் உடனே கையைக் கழுவி, வேட்டியில் துடைத்து, கசெற்றை அம்மாவின் கையிலிருந்து இரண்டு கையாலும் வாங்கினார். அம்மாவுக்கு ஒரு கதிரை கொண்டுவந்து உரலுக்கு முன்னால் போட்டேன். அம்மா கதிரையில் இருக்கவில்லை, மணலில் இருந்தார், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஒரு செருமல். பிறகு அண்ணை, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரைப்போலத் தெளிவாக:

“அப்பா, அம்மா, எல்லாரும் கேக்கிறியளே? அப்பா, முதல் விசயம். இந்தச் செற்றைக் காரிலை பூட்ட முந்தி, இந்தக் கசெற்றை வீட்டு றெக்கோடரிலை போட்டு முழுசாக் கேளுங்கோ. அவசரப்பட்டுப் பூட்டிப் போடாதேங்கோ.”

அப்பாவின் கையில் குறடு இருந்தது.

“உங்கை நிக்கிறது பழைய இங்கிலீசுக் கார். அதிலை எல்லாம் மறுவளம். பற்றறியின்ரை பொசிற்றிவ்தான் பொடிக்குப் போகுது. நம்பாட்டில் போனெற்றைத் திறந்து பாருங்கோ. செற்றின்ரை கறுப்பு வயர் பொடியிலை முட்டக்கூடாது. முட்டினால் பியூஸ் போகும். செற்றுக்கு ஒண்டும் நடவாது, பியூஸ் மட்டும்தான். ரெண்டு பியூஸ் மேலதிகமா வைச்சிருக்கிறன். அதையும் நீங்கள் அடிச்சுப் போடுவியள், எனக்குத் தெரியும்.”

மாஸ்ரர் மெதுவாகக் காரின் பக்கம் திரும்பினார். பற்றறியைக் கழற்றினபோது தொங்கவிட்டிருந்த இரண்டு தடித்த வயரில், பொசிற்றிவ் முனையில் இருந்த வயர் நேரே போய்க் காரின் உடம்பில் போல்ற் போட்டு முறுக்கியிருந்தது. யாரும் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருந்தது. இருபது வருடமாக இருந்தது.

அண்ணை விடவில்லை. “சிவப்பைப் பொடியிலை குடுங்கோ. கறுப்பைக் கரண்ட் வாற வயரிலை குடுங்கோ. செற்றின்ரை தகரமும் டாஷ்போட்டிலை முட்டக்கூடாது, பழைய சைக்கிள் ரியூப் வெட்டிச் சுத்திப்போட்டு வையுங்கோ. நான் இஞ்சை ஒரு கார் திருத்துற கராச்சிலை இதுதான் செய்யிறன், அதாலை சொல்லுறன். பிறகு ஒண்டு, பக்கத்து வீட்டு மாஸ்ரரைக் கூப்பிடாதேங்கோ. அவர் வந்தாரெண்டால் மணலிலை படம் கீறுவார்.”

மாஸ்ரர் கையில் ஈர்க்கில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ரேடியோக்காரர் முதலில் சிரித்தார், பிறகு அப்பா, பிறகு எல்லோரும். மாஸ்ரரும்தான்.

“நான் படிப்பிச்ச பெடியன்” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இப்ப விளங்குது, கவனிச்சுத்தான் படிச்சிருக்கிறான்.”

எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. வீட்டு றெக்கோடரில் போடச் சொல்கிறாரே, அதுதான் இல்லையே. அண்ணைக்கு அது தெரியாது. கரண்ட் இல்லாததும் தெரியாது. அம்மா சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுகிறவள் நான். றெக்கோடர் போனதை எழுதப்போனபோது, “அதையேன், அவன் கவலைப்படுவான்” என்றார். கரண்ட் போனதை எழுதப்போனபோதும் அதையேதான் சொன்னார். ‘இங்கே எல்லாம் வழமைபோல’ என்று எத்தனை தரம் எழுதியிருப்பேன். அண்ணை அதை அப்படியே நம்பி, வழமைபோல இருக்கிற ஒரு வீட்டுக்குக் கசெற் அனுப்பியிருந்தார். அந்த வீட்டில் நான்கூட இன்னும் பதினைந்து வயதில் இருந்தேன். எனக்கென்று வந்த ஒரே வசனம், “தங்கச்சி, விளையாடாமல் படி” என்பதுதான். நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற எனக்கு அதைக் கேட்டுக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை, பாவமாக இருந்தது.

கடைசியாக, “அம்மா” என்றார் அண்ணை.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தூரத்தில் ஏதோ வாகனம் போகிற சத்தம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“அம்மா, சாப்பிட்டியளே? நான் இஞ்சை நல்லாச் சாப்பிடுறன்... குளிர்தான் கொஞ்சம்...” திரும்ப மூக்கு. வயரைப் பற்றிக் கதைத்தபோது இருந்த குரல் இல்லை இது, கட்டியிருந்தது. “சரி அம்மா. ரேப் முடியப்போகுது. வைக்கிறன்.”

ரேப் முடியவில்லை. அந்தப் பக்கத்தில் பாதிக்குமேல் மிச்சம் கிடந்தது. ரேடியோக்காரர் நிற்பாட்டக் கை நீட்டினார். அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வெறும் இரைச்சல் ஓடி, கசெற் தானாக நிற்கும் வரை நாங்கள் எல்லோரும் முற்றத்தில் அப்படியே இருந்தோம். பூனைகூட இருந்தது.

“பிள்ளைக்குத் தடிமன் பிடிச்சிருக்கு, மூக்கு அடைக்குது” என்றார் அம்மா.

“அது தடிமன் இல்லையப்பா, அவன்...” என்று அப்பா தொடங்கினார். நான் அப்பாவின் காலை மிதித்தேன்.

“ஓம், தடிமன்தான்” என்றார் மாஸ்ரர். “அந்தக் குளிருக்கு வரும்.”

அன்று பின்னேரம் அம்மா தடிமனுக்கு மருந்தென்று மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு ஒரு பெரிய சட்டி நிறைய அவித்தார். ஜேர்மனிக்கு அனுப்ப முடியாதபடியால் எங்களுக்கு ஊற்றித் தந்தார். தடிமன் இல்லாத ஐந்து பேர், மாமியையும் சேர்த்து, ஆளுக்கொரு கோப்பை குடித்தோம். ரேடியோக்காரர் இரண்டு குடித்தார். இரவு அம்மா சொல்ல நான் கடிதம் எழுதினேன். தலையை நனைக்காதே, மல்லித்தண்ணி குடி, இங்கே எல்லாம் வழமைபோல. செற்றைப் பற்றி ஒரு வரி எழுதட்டோ என்று கேட்டேன். “அவன் சொன்னபடி பூட்டியாச்சு எண்டு எழுது” என்றார்.

அப்படியே பூட்டினோம். சிவப்புப் பொடியில், கறுப்புக் கரண்டில், சுற்றிவரச் சைக்கிள் ரியூப். இழை எரியவில்லை. அப்பா இரண்டு நாள் போனெற்றைத் திறந்து திறந்து அந்தப் பொசிற்றிவ் வயரைப் பார்த்தார். தன்னிடம் சொல்லாமல் இவ்வளவு காலம் இருந்துவிட்டதே என்று காரோடு அவருக்குக் கொஞ்சக் காலம் மனக்குறை இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா நின்ற காருக்குள் முன் சீற்றில் ஏறியிருந்து கசெற் கேட்பார். பற்றறி தாங்குகிற அளவுக்குத்தான் அப்பா விடுவார். மற்றவர்களுக்கு வந்தது ஒவ்வொரு வசனம். வயரைப் பற்றித்தான் அண்ணை நிறையக் கதைத்திருந்தார். அதனால் அம்மா வயரைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். கொஞ்சக் காலத்தில் அது அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. ரேடியோக்காரருக்கு எங்கேயாவது பழைய கார் ஒன்று கிடைத்தால், போகிற வழியில் எங்கள் படலையில் சைக்கிளை நிறுத்துவார்.

“அம்மா, சிவப்பு எங்கை குடுக்கிறது?”

அம்மா குசினியில் மீன் வெட்டியபடியே, அண்ணை நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, அண்ணை அழுத்துகிற இடத்தில் அழுத்திச் சொல்லுவார்: “சிவப்பைப் பொடியிலை குடுங்கோ. கறுப்பு வயர் பொடியிலை முட்டக்கூடாது.”

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை நின்று பாதை கொஞ்சம் இலேசானபோது, அம்மாவின் கண்ணைக் காட்டக் கொழும்புக்குக் கூட்டிப்போனேன். அண்ணைக்கு முதலே அறிவித்து, ஒரு கடையில் ரெலிபோனுக்குக் காத்திருந்தோம். மணி அடித்தது. அம்மாவின் கையில் கொடுத்து, என் காதையும் பக்கத்தில் வைத்தேன். பதினொரு வருடத்துக்குப் பிறகு அம்மா மகனோடு நேரே கதைத்த முதல் வார்த்தை:

“தம்பி, தடிமன் மாறிட்டுதே?”

“என்ன தடிமன் அம்மா?”

“கசெற்றிலை இருந்த தடிமன்.”

அந்தப் பக்கத்தில் சத்தமில்லை. ரெலிபோன்காரர் என்னைப் பார்த்தார், லைன் போய்விட்டதோ என்று. போகவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“ஓம் அம்மா” என்றார் அண்ணை. “அது அப்பவே மாறிட்டுது.”

அம்மா ரெலிபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“பொய் சொல்லுறான்” என்றார். “இன்னும் மாறேல்லை.”